கண்ணுக்குள் ஒரு காவல்காரர்!

குழந்தையின் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடுகிறதா? அலட்சியம் வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் டிபனை முடித்துக்கொண்டு, திருவண்ணாமலை ரோட்டில் வந்தால் மலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. 'நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கு, இன்னும் பார்க்கலையே' என்று கிளம்பி வந்திருக்கிறீர்கள். கல்யாண மகால், ஆனைக்குளம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கையில் இருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயும்விட்டது!

நெற்களஞ்சியத்துக்குள் நுழைகிறீர்கள். உள்ளே அரையிருட்டு. ஒன்றரை வயதுக் குழந்தையை மாமியார் இடுப்பில் வைத்துக்கொண்டிருக்க, உங்கள் கணவர் செல்போனில் ஒரு படம் எடுக்கிறார். 'பளிச்' என்று ஃபிளாஷ்.

ராத்திரி வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போதுதான் உங்களுக்கு அது உறுத்துகிறது.

"என்னங்க... குழந்தையோட இடது கண்ணைக் கொஞ்சம் பாருங்களேன். நடுவுல வெள்ளையா மின்னுது!"

"ஃபிளாஷ் பட்டிருக்கும், விடு."

"பூனைக்கண்ணும்மா. அதிர்ஷ்டம்! இதுக்குப் போய் ஏன் பயப்படறே?" என்கிறார் மாமியார்.

மூன்று பேரில் யார் சொல்வது சரி?

உறுத்தியது பாருங்கள் உங்களுக்கு... நீங்கள்தான் சரி! அந்த உறுத்தலை அப்படியே தூங்கவிட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போட்டோவில் கண் ஏன் சிவக்கிறது?

பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் பலருக்குக் கண் நடுவே சிவப்பாகத் தெரியும். கண்ணின் உட்சுவரில் விழித்திரையும், அதன் பின்னால் ஏராளமான ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. ஃபிளாஷ் வெளிச்சம் உள்ளே போய், அங்கே பட்டு, சிவப்பாகத் திரும்பி வருகிறது. கண் உள்ளே சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

உள்ளே ஏதாவது வெள்ளையாக வழிமறித்துக்கொண்டிருந்தால்? திரும்பி வரும் வெளிச்சமும் வெள்ளையாகத்தான் வரும். கண்புரை இருந்தாலும் இப்படித் தெரியலாம். விழித்திரைக் கோளாறு சிலவற்றிலும் தெரியலாம். காமிரா ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருந்தால், நல்ல கண்ணில்கூட பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரிவதுண்டு. ஆகவே, ஒரு படத்தில் பார்த்த உடனே அழுதுகொண்டு உட்கார வேண்டாம்.

ஆனால், குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோய்க்கும் இதுதான் முதல் அடையாளம். அதன் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. குழந்தை ஓடி ஆடிக்கொண்டே இருக்கும். 'எனக்கு ஒரு கண் தெரியலை' என்று சொல்லவும் அந்த வயதில் அதற்குத் தெரியாது.

இது அரிய நோய்தான். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்றுக்கு வரும். ஆனாலும் உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 8,000 குழந்தைகளுக்கு வருகிறது. குழந்தைகள் அதிகம் பிறக்கும் நாடு என்பதால் இந்தியாவில் மட்டும் சுமார் 1,500 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

சரி, பச்சைக் குழந்தைக்குப் போய் ஏன் கான்சர்? சிகரெட்டா குடித்தது? புகையிலையா போட்டது? இதற்கு விடை தேடிப் போனவர்கள்தான் மருத்துவ உலகத்தின் பெரிய ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரகசியத்தைப் புரிந்துகொள்ள, செஞ்சிக்கே ஒரு தரம் திரும்பிப் போவோம். இந்த முறை மலை உச்சிக்கு!

ராஜகிரியின் தூக்குப்பாலம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அதில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி. மூச்சு வாங்க வாசல் வாசலாகத் தாண்டி ஏறினால், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆழமான பாறைப் பிளவு வரும். இன்றைக்கு நாம் நடந்து போக அங்கே பாலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைத் தூக்குப்பாலமாக வைத்திருந்தார்களாம். பாலத்தை எடுத்துவிட்டால் போதும்... சில ஆட்களே அங்கு நின்று ஒரு படையை நிறுத்திவிடலாம். மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது என்றால் காரணம் இல்லாமலா?

நம் உடம்பில் உள்ள செல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி செஞ்சிக் கோட்டை. அதிலும் இப்படி ஒரு பிளவு இருக்கிறது. பிளவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரை செல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அந்தப் பக்கம் போய்விட்டால், தன்னிடம் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்து, இரண்டாகப் பிரிய ஆரம்பித்துவிடும். பிறகு சாதாரணமாகத் திரும்பி வர முடியாது.

அந்தப் பாலத்தின் முன்னால் ஒரு காவல்காரர் நிற்கிறார். அவர் ஒரு புரோட்டீன். பெயர் ஆர்.பி. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற நோயின் பெயரிலிருந்தே அவருக்குப் பெயர் வந்தது. 928 அமினோ அமிலங்களைக் கோத்து உருவான பெரிய ஆசாமி!

அவருடைய வேலை என்ன?

பாலத்தை இறக்குகிற ஆட்கள் என்று ஒரு கூட்டம் செல்லுக்குள் இருக்கிறது. அவர்களுக்கு ஈ2எஃப் என்று பெயர். செல் இரண்டாகப் பிரியத் தேவையான மரபணுக்களை எல்லாம் 'எழுந்திரு, வேலையைப் பார்' என்று எழுப்பிவிடுவது இவர்கள் வேலை. சும்மா விட்டால் எந்நேரமும் எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். நம் ஆர்.பி. என்ன செய்வார் தெரியுமா? இவர்களுடைய கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். பாலம் இறங்காது.

அப்படியானால் செல் பிரியவே பிரியாதா? பிரியாவிட்டால் குழந்தை எப்படி வளரும், வெட்டுக்காயம் எப்படி ஆறும்? அதற்கும் வழி இருக்கிறது. 'இங்கே புது செல் தேவை' என்று உடம்பிலிருந்து முறைப்படி தகவல் வரும்போது, சைக்ளின், சி.டி.கே. என்ற இரண்டு புரோட்டீன்கள் ஜோடியாக வந்து, ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட் என்ற முத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவார்கள். முத்திரை விழுந்ததும் ஆர்.பி. பிடியைத் தளர்த்துவார். ஈ2எஃப் ஆட்கள் பாலத்தை இறக்குவார்கள். செல் பிரியும். வேலை முடிந்த பிறகு முத்திரைகள் அகற்றப்படும். ஆர்.பி. மறுபடி டியூட்டிக்கு வந்துவிடுவார்.

கவனித்தீர்களா? அவர் யாரையும் அடிப்பதில்லை, உதைப்பதில்லை. 'உத்தரவு இருக்கா? இருந்தா போ. இல்லையா, நில்லு!' அவ்வளவுதான். இந்த 'நில்லு' என்ற ஒரு சொல் இல்லாமல் போனால்? கேட்பாரில்லாமல் செல் பிரிந்துகொண்டே போகும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும்... அதுதான் கட்டி!

இப்படி, கட்டி வராமல் தடுக்கிற மரபணுக்களுக்கு 'கட்டியை அடக்கும் மரபணுக்கள்' என்று பெயர். இந்த வகையில் முதன்முதலில் விஞ்ஞானிகள் கையில் சிக்கியது ஆர்.பி. மரபணுதான். நம்முடைய 13-ஆம் நம்பர் குரோமோசோமில் இருக்கிறது. 1986-ல் தாடியஸ் டிரைஜா என்ற கண் டாக்டரும், ஸ்டீஃபன் ஃபிரெண்ட், ராபர்ட் வைன்பெர்க் என்ற விஞ்ஞானிகளும் சக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். குழந்தைகளின் கண்ணில் தொடங்கிய தேடல், புற்றுநோய் பற்றிய நம் அறிவையே மாற்றிப் போட்டது!

ஒரிஜினல், டூப்ளிகேட்

ஆபீஸில் முக்கியமான உத்தரவு என்றால் இரண்டு காப்பி வைத்திருப்போம் அல்லவா? ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இயற்கையும் அதே ஜாக்கிரதையோடுதான் நடந்திருக்கிறது. ஆர்.பி. என்ற காவல்காரரை வேலைக்கு அமர்த்தும் உத்தரவு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு காப்பி இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு காப்பி கெட்டுப்போனாலும் மற்றதை வைத்துக் காவல்காரர் வேலைக்கு வந்துவிடுவார். இரண்டும் கெட்டால்தான் ஆபத்து.

இதை ஆர்.பி. மரபணு கிடைப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பே கணக்குப் போட்டுச் சொன்னவர் ஒருவர் உண்டு. பெயர் ஆல்ஃபிரட் நட்சன். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருந்த டாக்டர். 1971-ல் அவர் 48 குழந்தைகளின் கேஸ் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரமே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தது. ஏன்?

நட்சன் சொன்ன விளக்கம் இதுதான்: 'இரண்டு கண்ணிலும் நோய் வரும் குழந்தை, பிறக்கும்போதே ஒரு காப்பி கெட்ட நிலையில்தான் பிறக்கிறது. உடம்பின் எல்லா செல்களிலும் அப்படித்தான். விழித்திரையில் வளரும் லட்சக்கணக்கான செல்களில் ஏதாவது சிலவற்றில் மிச்சமிருக்கும் இன்னொரு காப்பியும் தற்செயலாகக் கெட்டுவிட்டால் போதும், கட்டி ஆரம்பித்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கோ இரண்டு காப்பியும் நல்லபடியாக இருக்கும். ஒரே செல்லில் இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாகக் கெட வேண்டும். அது அபூர்வம். அதனால்தான் ஒரு கண்ணில் மட்டும், தாமதமாக வருகிறது.'

பேனாவும் பேப்பரும் கணக்கும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் சொன்னது பிறகு அப்படியே நிரூபணமானது!

உடம்பு முழுக்க ஆர்.பி. இருக்கும்போது விழித்திரையில் மட்டும் ஏன் முதலில் கட்டி? குழந்தையின் விழித்திரையில் நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்கள் உருவாகும் பருவத்தில், அவை மற்ற செல்களைவிட அதிகமாக ஆர்.பி.யை நம்பி இருக்கின்றன. அந்தப் பருவம் முடிந்து விழித்திரை முழுசாக வளர்ந்த பிறகு அங்கே செல் பிரிவது நின்றுவிடும். அதனால்தான் இந்த நோய் சின்னக் குழந்தைகளையே தேடி வருகிறது.

யார் மேல் தப்பு?

இனி, நம் வீடுகளில் நடக்கிற விஷயத்துக்கு வருவோம். குழந்தைக்கு இப்படி ஒன்று என்று தெரிந்ததும் முதலில் எழும் கேள்வி, 'எப்படிக் குணப்படுத்தலாம்' என்பதல்ல. 'யாரால் வந்தது' என்பதுதான்!

"எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே!" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். மருமகள் தலைகுனிந்து நிற்பாள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாளா, எதையாவது பார்த்துப் பயந்தாளா என்று விசாரணை நடக்கும்.

தயவுசெய்து இதை மட்டும் மாமியார்மார்களும் படிக்க வேண்டும். இந்த நோய் வரும் குழந்தைகளில் பத்தில் சுமார் ஆறு பேருக்கு அது பரம்பரை வகையே கிடையாது. கண்ணில் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நடந்த பிழை. மீதி நான்கு பேருக்குத்தான் உடம்பு முழுக்க ஒரு காப்பி கெட்டிருக்கும். அவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் நோய் இருந்திருக்காது. அந்தப் பிழை புதிதாக நேர்ந்தது. எங்கே நேர்கிறது தெரியுமா? பெரும்பாலும் அப்பாவின் விந்தணு உருவாகும்போது!

அதற்காக இனிமேல் அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். முந்நூறு கோடி எழுத்துக்களை நகல் எடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்துப்பிழை. யார் நினைத்தும் செய்ததில்லை, யார் நினைத்தும் தடுத்திருக்க முடியாது. தப்பு யார் மேலும் இல்லை. தாமதம் செய்தால்தான் தப்பு.

டாக்டரிடம் போனால்...

'கண் டாக்டர்' என்றதும் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை விரித்து, விழித்திரை முழுவதையும் பார்க்க வேண்டும். "குழந்தையின் கண் வெள்ளையாகத் தெரிந்தது, விழித்திரையைப் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போட்டோவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சின்னக் குழந்தை அசையாமல் இருக்காது. அதனால் மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்கான அல்ட்ராசவுண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம். மற்ற கான்சரில் செய்வதுபோல் ஊசி குத்தி சதை எடுத்துப் பார்ப்பதை இதில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கட்டி கண்ணுக்கு வெளியே பரவிவிடும் ஆபத்து உண்டு என்பதால்.

செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. சென்னையில், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் இருக்கிறது. செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி உண்டா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

சின்னக் கட்டியாக இருந்தால் லேசர் சிகிச்சை, உறைய வைக்கும் சிகிச்சை, ஊசி மருந்து சிகிச்சையான கீமோதெரபி என்று கண்ணையும் பார்வையையும் காப்பாற்றும் வழிகள் இருக்கின்றன. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். புற்றுநோய்களிலேயே இவ்வளவு நம்பிக்கை தருவது குறைவு!

ஆனால் விட்டுவிட்டால்? பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும். அப்புறம் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

"கண்ணை எடுக்கச் சொல்றாங்களே!"

கட்டி பெரிதாகிவிட்டால், "கண்ணை எடுத்தால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும்" என்று டாக்டர் சொல்ல நேரலாம். பெற்றவர்களுக்கு இடி விழுந்ததுபோல் இருக்கும். "கண்ணில்லாம என் பொண்ணுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணுவேன்?" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. வைத்தியம் மாற்றி வைத்தியம், கோயில் மாற்றிக் கோயில் என்று அலைவார்கள். ஐந்தாறு மாதம் கழித்து, கண் வெளியே துருத்திக்கொண்டு வந்த பிறகு திரும்பி வருவார்கள். அந்த ஐந்தாறு மாதத்தில்தான் உயிர் கையை விட்டுப் போகிறது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கட்டி நிரம்பிய அந்தக் கண்ணில் பார்வை பெரும்பாலும் ஏற்கெனவே போயிருக்கும். எடுப்பது பார்வையை அல்ல, ஆபத்தைத்தான். பிறகு அதே அளவில், அதே நிறத்தில் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். பார்த்தால் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. மற்றக் கண் நல்லபடியாக இருந்தால் அந்தக் குழந்தை படிக்கும், விளையாடும், வேலைக்குப் போகும். கல்யாணமும் நடக்கும். உயிர் இருந்தால்தானே அத்தனையும்!

ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு குடும்பத்துக்கே நிம்மதி

குழந்தைக்கு வந்தது பரம்பரை வகையா இல்லையா என்று ஆர்.பி. மரபணுவைச் சோதித்தால் தெரிந்துகொள்ளலாம். மதுரை அரவிந்த் ஆராய்ச்சியாளர்கள், நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைப் படிப்படியாக, குறைந்த செலவில் செய்யும் ஒரு முறையை 2015-ல் வெளியிட்டார்கள்.

சோதனையால் என்ன லாபம் என்கிறீர்களா? பரம்பரை வகை என்றால், அந்தக் குழந்தைக்கு நாளை பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கெட்ட காப்பி போய்ச் சேர ஐம்பது சதவிகித வாய்ப்பு. தம்பி தங்கைகளையும் பரிசோதிக்க வேண்டும். கெட்ட காப்பி இருக்கும் பிள்ளையைப் பிறந்த வாரத்திலிருந்தே கண்காணித்தால், கடுகளவு கட்டியாக இருக்கும்போதே லேசரில் முடித்துவிடலாம். கெட்ட காப்பி இல்லையா? நிம்மதி! அடிக்கடி மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கும் அவஸ்தை மிச்சம்.

பரம்பரை வகைக் குழந்தைகளுக்கு இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். அவர்களுக்கு உடம்பின் எல்லா இடத்திலும் ஒரு காப்பிதான் நல்லது. அதனால் பெரியவர்களான பிறகு எலும்பிலோ, தசையிலோ, தோலிலோ கான்சர் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அவசியம் இல்லாத எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் வேண்டாம். எங்கே போனாலும் இந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கும் இவர்தான் காவல்

ஆர்.பி. என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது செல்லுக்குள் புகுந்து ஈ7 என்று ஒரு புரோட்டீனை அனுப்பும். அது நேரே போய் ஆர்.பி.யைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். உத்தரவு இரண்டும் பத்திரமாக இருந்தும் காவல்காரர் கடத்தப்பட்டுவிடுகிறார்! 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி, இந்தக் கடத்தல்காரன் கோட்டைக்குள் நுழையாமலே தடுக்கிறது. உங்கள் பெண்ணுக்கு அந்த வயது என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒருவகை மார்பகப் புற்றுநோயில் காவல்காரர் நன்றாகத்தான் இருப்பார். ஆனால் சி.டி.கே. ஆட்கள் ஓயாமல் முத்திரை குத்திக்கொண்டே இருப்பதால் பாவம், அவரால் பிடித்து நிறுத்த முடியாது. அந்த முத்திரை குத்தும் கையைக் கட்டிப்போடும் மாத்திரையே வந்துவிட்டது. பால்போசிக்லிப் என்ற அந்த மருந்துக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் கண்ணைப் படித்துக் கற்ற பாடம், இன்றைக்கு அம்மாக்களின் உயிரைக் காக்க உதவுகிறது!

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

*நாங்கள் அத்தை மகன் - மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால் வருமா?*

இல்லை. இந்த நோய்க்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட காப்பி வந்தாலே போதும் என்பதால், அசலில் கட்டினாலும் இதே கணக்குதான். வேறு சில பரம்பரை நோய்களுக்குச் சொந்தக் கல்யாணம் காரணமாகலாம். அது வேறு விஷயம்.

*தொட்டால் ஒட்டுமா? மற்றக் குழந்தைகளோடு விளையாட விடலாமா?*

ஒட்டவே ஒட்டாது. தாராளமாக விளையாட விடுங்கள்.

*டி.வி., செல்போன் பார்ப்பதால் வந்திருக்குமா?*

இல்லை. அவற்றைக் குறைப்பது கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் இந்த நோய்க்குக் காரணம் அதுவல்ல.

*வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?*

ஓரளவு முடியும். அரையிருட்டு அறையில், ஃபிளாஷ் போட்டு, குழந்தை நேராகப் பார்க்கும்போதும் அப்படி இப்படித் திரும்பும்போதும் சில படங்கள் எடுங்கள். காமிராவில் கண் சிவப்பைத் திருத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திரும்பத் திரும்பத் தெரிந்தால் உடனே டாக்டர். படம் நன்றாக வந்ததாலேயே ஒன்றுமில்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

*வேறு அடையாளங்கள் உண்டா?*

திடீரென்று மாறுகண் வருவது. கண் காரணமில்லாமல் சிவந்து வீங்குவது. ஒரு கண்ணை மூடினால் குழந்தை அழுவது, அதாவது நல்ல கண்ணை மூடும்போது. இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். மாறுகண்ணை 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கே செய்யுங்கள்

ராஜகிரியின் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் கோட்டைச் சுவர்கள், குளம், கோயில் எல்லாம் தெரியும். அத்தனையையும் கட்டியவர்கள், அந்த ஒரு பிளவைக் காக்க மறக்கவில்லை. உங்கள் குழந்தையின் உடம்பிலும் ஒவ்வொரு செல்லிலும் ஒரு காவல்காரர் விழித்திருக்கிறார். பெரும்பாலும் அவர் தூங்குவதில்லை. அபூர்வமாக, எங்கோ ஒரு கண்ணில் அவர் இல்லாமல் போய்விட்டால், அதை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, பெற்றவர்கள்தான். பால் கொடுக்கும்போது, பவுடர் போடும்போது, போட்டோ எடுக்கும்போது.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செல்போனை எடுத்து, ஐந்து வயதுக்குட்பட்ட உங்கள் வீட்டுக் குழந்தையின் படங்களை ஒரு தரம் பெரிதாக்கிப் பாருங்கள். அக்கா வீட்டுக் குழந்தை, எதிர்வீட்டுக் குழந்தை படம் இருந்தால் அதையும். ஒன்றும் இல்லையா? நிம்மதியாகத் தூங்குங்கள். ஏதோ உறுத்துகிறதா? "ஃபிளாஷ்தான், விடு" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். நாளைக் காலையிலேயே கண் டாக்டரிடம் கிளம்பிவிடுங்கள்!